கையெழுத்து மட்டும் கடையில் இருந்தது

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் நம் மருமகளை மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால், கையில் ஒரு கடிதத்தோடும் முகத்தில் ஒரு பல் வலியோடும் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கடிதம் நிஜம். பல் வலி பொய்.

ஒன்றரை மாதமாக அந்தப் பொய்யைக் கட்டி மேய்க்கிறாள், பாவம். எழுத்துத் தேர்வுக்குப் போன அன்று, "கடைவாய்ப் பல்லு குடையுது அத்தை." செய்முறைத் தேர்வு அன்று, "வேர் சிகிச்சையாம் அத்தை." பெரிய ஆஸ்பத்திரியில் நேர்காணலுக்காக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போன பதினாலாம் தேதி, "பல்லுக்குத் தொப்பி போடறாங்க அத்தை." மாமியார் வெள்ளை மனசுக்காரர். அன்றிலிருந்து மருமகளுக்கு மட்டும் எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைத்து, மசித்து, டிபன் பாக்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு பல்லும் முத்து முத்தாக இருக்கிறவள் தினமும் மதியம் கஞ்சி மாதிரி எதையோ விழுங்கிக்கொண்டிருந்தாள்.

எதற்கு இத்தனை பாடு? ரெசிடென்ஸி என்று ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் படித்து முடித்த பிறகு வார்டிலேயே கிடந்து பழகுகிறார்கள் அல்லவா, அதுபோல மருந்தாளுநர்களுக்கும் ஒரு வருடப் பயிற்சி. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கூடவே நடக்க வேண்டும். இந்த நோயாளிக்கு இந்த மருந்து கூடாது, இவர் சிறுநீரகத்துக்கு இந்த அளவு தாங்காது என்று கட்டில் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நூற்று எண்பது பேர் எழுதி, நாலு பேரை எடுத்தார்கள். நாலில் ஒருத்தி நம் மருமகள். படிப்பு முடித்து ஏழு வருடத்துக்குள் சேர்ந்தால்தான் உண்டு, இவளுக்கு இது ஏழாவது வருடம். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதக் கடிதத்தைக் கூரியரில் பதிவு செய்யாவிட்டால் அவ்வளவுதான், அந்தக் கதவு இனி இல்லை.

சரி, அனுப்பிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கவுண்டருக்கு மேலே சுவரைப் பாருங்கள். கண்ணாடி பிரேமுக்குள் அவளுடைய மருந்தாளுநர் சான்றிதழ். அது அங்கே தொங்குகிற வரைக்கும்தான் கடை திறந்திருக்கலாம். மாமனார் முப்பத்தோரு வருடமாக மருந்து விற்கிறவர், தெருவே அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் அவர் கம்பவுண்டரும் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. பாட்டில் கழுவ வந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, கடை வைத்தவர். முதலில் ஒரு கூட்டாளியின் சான்றிதழ் தொங்கியது. பிறகு மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஒரு பெரியவருடையது. அப்புறம் மருமகளுடையது. கல்யாணப் பேச்சு நடந்தபோதே மனுஷர் ஒரிஜினலைக் காட்டச் சொன்னார். கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் இதற்குத்தான் பிரேம் போட்டார்கள்.

"என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்களா, இல்ல அந்தப் பேப்பரையா?" என்று புருஷனிடம் அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்பான் அவன். எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். அதனால் அவள் அவனுக்கு வைத்த பெயரே 'நாளைக்கு'. அப்பாவிடம் பேசி, வேறொரு மருந்தாளுநரைப் பிடித்து, விடுவிப்புப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்தை வாங்கித் தருகிறேன் என்று போன வாரம் சத்தியம் செய்தவனும் இதே 'நாளைக்கு'தான்.

அவன் சொன்ன அந்த நாளை இன்று வந்துவிட்டது.

* * *

காலை பத்து மணிக்கு அவள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். சம்மதக் கடிதம், எழுதியாகிவிட்டது. கடை உரிமையாளர் கையெழுத்திட்ட விடுவிப்புப் படிவம், 'நாளைக்கு'வின் பொறுப்பு. மூன்றாவதாக, தற்போது கடையில் பொறுப்பில் இருப்பவர்கள் தூக்க மாத்திரை ரெஜிஸ்டரின் கடைசி ஒரு மாதப் பக்கங்களை நகல் எடுத்து வைக்க வேண்டும். பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. இருப்பதிலேயே சுலபமான வேலை என்று கடைசி நாளுக்கு வைத்திருந்தாள்.

தூக்கத்துக்கும் தாங்க முடியாத வலிக்கும் கொடுக்கிற மாத்திரைகளுக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு, தனி ரெஜிஸ்டர். நாளுக்கு ஒரு பக்கம். யாருக்கு, எந்த மருந்து, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதி, அடியில் மருந்தாளுநர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்து, முத்திரை குத்திய புத்தகம். ஒரு தாளைக் கிழித்தால்கூடத் தெரிந்துவிடும்.

அவள் இழுப்பறையைத் திறந்து ரெஜிஸ்டரைப் புரட்டினாள். இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது. எல்லாம் சரி. பதினாலாம் தேதிப் பக்கத்தில் விரல் நின்றது.

காலை 11.20. தையற்காரர். தூக்க மாத்திரை, ஓர் அட்டை, பத்து. மாமனாரின் கோழிக் கிறுக்கல்.

அடியில் அவளுடைய கையெழுத்து.

பதினாலாம் தேதி பதினொன்றேகாலுக்கு அவள் எங்கே இருந்தாள்? நேர்காணல் அறை வாசலில் வருகைத் தாளில் நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே 11.15. இங்கே 11.20. நடுவில் இரண்டு மணி நேர பஸ் பயணம்.

இது யாரோ போட்ட கள்ளக் கையெழுத்து என்று சண்டைக்குப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அச்சு அசல் அவளுடையதுதான். கடைசி எழுத்தின் வாலைச் சுழற்றி இழுக்கிற அந்தப் பவுசு வேறு யாருக்கும் வராது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, நீ ஒரு விசேஷம், உடம்பு சரியில்லைன்னு வரலைன்னா கடை படுத்துடக் கூடாது பாரு. ஒரு ரெண்டு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டு வெச்சிரேன்." புது மருமகள், வாய் திறந்து மறுக்கிற பழக்கம் இல்லை. போட்டாள். இரண்டு நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. இப்போதெல்லாம் பத்து நாளைக்கு ஒரு தடவை பத்துப் பக்கத்துக்கு ஒரேயடியாக, பேப்பரில் வருகிற குறுக்கெழுத்தைப் பார்த்துக்கொண்டே போட்டுவிடுகிறாள். கல்லூரியில் ஆசிரியர் தலை தலையாக அடித்துக்கொண்டு சொன்ன முதல் பாடம் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதே என்பதுதான்.

அவள் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். இன்னும் ஆறு பக்கம் காலியாக இருந்தன. ஆறிலும் அடியில் அவள் கையெழுத்து.

அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் அந்த ஆறு கையெழுத்தும் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து மாத்திரை விற்றுக்கொண்டிருக்கும். அதை நினைத்ததும் மூச்சு முட்டியது. சின்னக் கடைதான். ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் குளிர்ப்பெட்டி, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். ஏழு வருடமாக அந்த இடத்தில் நிற்கிறாள். இன்றைக்குத்தான் அது இத்தனை ஒடுக்கமாகத் தெரிந்தது.

* * *

மதியம் ஒரு மணிக்கு அந்த 'நாளைக்கு' மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கும், வீட்டிலிருந்து டிபன் பாக்ஸும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் அவள், மூடியைத் திறக்காமலே.

"காலையில சொல்லலாம்னுதான் போனேன். அவர் பேப்பர் படிச்சிட்டிருந்தார்."

"ஏழு நாளாவா ஒரே பேப்பரைப் படிக்கறார்?"

"கோபப்படாதே. அஞ்சு மணிக்குள்ளதானே? நாலு மணிக்கு அவர் கடைக்கு வருவார் இல்ல, நானே பக்குவமாப் பேசி..."

அவள் ரெஜிஸ்டரைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். பதினாலாம் தேதியைத் தொட்டுக் காட்டினாள். அவனுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒயிட்னர் போட்டு நேரத்தை மாத்திடலாமா? காலையில ஏழு மணின்னு?"

"ஏழு மணிக்குக் கடையே திறக்கலைங்க."

"அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுக்காம விட்டுடு."

"பக்க எண் இருக்கு. தேதியும் பதிமூணு, பதினஞ்சுன்னு போனா நடுவுல எங்கேன்னு கேட்க மாட்டாங்களா? அந்த மேடம் சிவப்புப் பேனா வெச்சிருந்தாங்கன்னு சொன்னேனே. என் விண்ணப்பத்துல ஒரு புள்ளி விட்டுப் போனதையே சுழிச்சு வெச்சிருந்தாங்க."

சிவப்புப் பேனா அம்மாள் என்பது பயிற்சித் துறையின் தலைவி. நேர்காணலில் மற்றவர்கள் மருந்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எழுதினதுல தப்பு நடந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

"ஒரே கோடு போட்டு அடிப்பேன் மேடம். அடியில இருக்கிறது படிக்கற மாதிரி இருக்கணும். அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் போடுவேன்."

அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். இடம் கிடைத்தது அந்தப் பதிலுக்குத்தான் என்று இவளுக்கு ஒரு நம்பிக்கை. இப்போது அதே பதில் வந்து இவள் கழுத்தைப் பிடிக்கிறது.

"அப்ப அனுப்பவே வேண்டாம்" என்றான் 'நாளைக்கு' மெல்ல. "இங்கேயே இருந்துடு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. கடையும் ஓடும், உன் சர்டிபிகேட்டும் பத்திரமா இருக்கும்."

பாருங்கள், அவன் கெட்டவன் இல்லை. அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. திட்டவும் முடியாமல் டிபன் பாக்ஸைத் திறந்து அந்தக் கஞ்சியை இரண்டு வாய் வைத்தாள். உப்பு இல்லை. பல் வலிக்கு உப்பு ஆகாது என்று யாரோ மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

* * *

மூன்றரைக்குத் தையற்காரர் வந்தார். வலது கட்டைவிரலில் பெரிய கட்டு.

"ஐயையோ, என்னண்ணே இது?"

"ஊசி ஏறிடுச்சும்மா. மெஷின் ஓடிட்டிருக்கு, நான் தூங்கிட்டேன்." அவர் சிரித்தார். "அந்த மாத்திரை சூப்பர்மா. ராத்திரிக்குப் போட்டா மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்க வைக்குது. ரெண்டுதான் மிச்சம். இன்னொரு அட்டை குடு."

அவள் சிரிக்கவில்லை. "அந்த டாக்டர் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் எழுதியிருந்தது ஐந்து எம்.ஜி. அவர் கையில் இருந்த அட்டை பத்து எம்.ஜி.

"கம்பவுண்டர் எப்படிப் போடச் சொன்னார்?"

"என்னமோ பாதின்னாரு. வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துபோச்சு. நீ இருந்தா கவர் மேல எழுதிக் குடுப்பே. அன்னிக்கு வெறும் அட்டைதான். நீ பல்லு பிடுங்கப் போயிருந்தியாமே?"

அவள் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். இனி அதைப் போட வேண்டாம், உடனே வந்து காட்டச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மிச்சமிருந்த இரண்டு மாத்திரையையும் தையற்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இப்பவே நேரா அங்கே போங்கண்ணே. மெஷின்ல இன்னிக்கு உட்காராதீங்க" என்று அனுப்பினாள்.

ஊசி ஏறியது கட்டைவிரலோடு போயிற்று. ஒரு கத்தரிக்கோலாக இருந்திருந்தால்? ரோட்டைத் தாண்டும்போது கண் சொக்கியிருந்தால்? ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தது அவள்தான்.

* * *

நாலு மணிக்கு மாமனார் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கவுண்டருக்குள் நுழைந்தவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னடா, யாருக்கு என்ன?"

'நாளைக்கு' ஒரு தரம் தொண்டையைச் செருமினான். இன்னொரு தரம் செருமினான். பிறகு சட்டென்று போட்டு உடைத்தான்.

"அப்பா, இவளுக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அது தெரியும்" என்றார் மாமனார். "பல்லு பிடுங்கப் போறவ புதுச் செருப்பு போட்டுக்கிட்டு, பேப்பர் பையைக் கட்டி அணைச்சுக்கிட்டா போவா? எங்கேயோ போறா, நல்ல விஷயமா இருந்தா அவளே சொல்லட்டும்னு இருந்தேன்."

அவள் சொன்னாள். தேர்வு, நேர்காணல், நாலு இடம், ஏழாவது வருடம், ஐந்து மணி. ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சுவரில் தொங்குகிற பிரேமை ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப கடை?"

"வேற ஆள் பார்க்கணும் மாமா. கிடைக்கற வரைக்கும் மூடித்தான் வெக்கணும்."

"மூடறதா? முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் மூடினதில்லைம்மா. எங்கப்பா போன அன்னிக்குக்கூட அரை ஷட்டர்தான் இறக்கினேன்."

அவள் பேச்சை வளர்க்காமல் ரெஜிஸ்டரை எடுத்து வைத்தாள். பதினாலாம் தேதி. பக்கத்தில் அந்த இரண்டு மாத்திரை. தையற்காரரின் கட்டைவிரலைச் சொன்னாள்.

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு இருப்பு இல்லைம்மா. பாதி போடுன்னு சொன்னேனே. வாயால சொன்னேன்."

"எழுதிக் கொடுக்கணும் மாமா."

"நீ இருந்திருந்தா எழுதியிருப்பே."

"நான் இருந்ததாத்தானே இதுல இருக்கு!"

ஏழு வருடத்தில் அவள் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வாசலில் யாரோ இருமல் மருந்து கேட்க வந்தவர் சத்தம் கேட்டுத் திரும்பிப் போனார். 'நாளைக்கு', அவள் பாதியில் வைத்த டிபன் பாக்ஸை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான்.

அவள் நீலப் பேனாவை எடுத்தாள். காலியாக இருந்த ஆறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் இருந்த தன் கையெழுத்தின் மேல் ஸ்கேல் வைத்து ஒரே கோடு இழுத்தாள். பக்கத்தில் 'ரத்து' என்று எழுதி, கையெழுத்து, தேதி, நேரம். பிறகு பதினாலாம் தேதிக்கு வந்தாள். அங்கேயும் ஒரே கோடு. ஓரத்தில் எழுதினாள்: 'இந்தக் கையெழுத்து முன்கூட்டியே போடப்பட்டது. இந்த நேரத்தில் நான் கடையில் இல்லை. மருந்து நான் கொடுத்தது அல்ல.' கையெழுத்து. மணி 4.25.

"இதையா அனுப்பப் போறே?" என்றார் மாமனார். "இதைப் பார்த்தா உன் சர்டிபிகேட்டே போயிடும்மா. கடையும் போயிடும்."

"தெரியும் மாமா."

"பின்னே எதுக்கு?"

"இதை மறைச்சுட்டு அங்கே போனா, போயும் நான் இந்தக் கவுண்டருக்குள்ளதான் இருப்பேன். எப்ப யார் இந்தப் பக்கத்தைத் திறப்பாங்களோன்னு தினமும் பயந்துக்கிட்டு. இங்கேயே இருந்தாலும் அதே பயம்தான். எனக்கு மூச்சு விட முடியல மாமா."

அவள் விடுவிப்புப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். உரிமையாளர் கையெழுத்து என்று கீழே ஒரு கட்டம். அவர் அதைத் தொடவில்லை.

மணி நாலு முப்பத்தெட்டு. நகல் எடுக்கிற கடையும் கூரியரும் எதிர்வரிசையில் ஒரே கவுண்டர். அவள் ரெஜிஸ்டரையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

"மாமா, நான் வெளியில போனா கடை மூடியிருக்கணும். அதுதான் சட்டம். நான் வந்ததும் திறந்துக்கலாம்."

"பத்து நிமிஷத்துக்கா?"

"அன்னிக்கும் பத்து நிமிஷம்தான் மாமா ஆகியிருக்கும், அந்த அட்டையைக் கொடுக்க."

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினாள்.

* * *

நகல் மெஷின் ஒவ்வொரு பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது. கூரியர்க்காரர் உறையில் விலாசம் எழுதிக்கொண்டே சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"என்னம்மா, உங்க கடையை இழுத்து மூடறாரு கம்பவுண்டரு? வீட்டுல யாருக்காவது ஏதாவதா?"

அப்போதுதான் அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. துருப்பிடித்த ஷட்டர் கடகடவென்று தரை வரைக்கும் இறங்குகிற சத்தம். அவள் திரும்பினாள். மாமனார் குனிந்து பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். தெருவில் நின்றவர்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். பூட்டிய கடை வாசலில் மகன் டிபன் பாக்ஸோடு நின்றான்.

"அந்தப் பக்கத்தை எடு" என்றார்.

அவள் பதினாலாம் தேதியைத் திறந்தாள். அவர் கூரியர்க்காரரின் பேனாவை வாங்கி, அவளுடைய குறிப்புக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'மருந்து கொடுத்தது நான்.' அதன் கீழே தன் முழுப்பெயர். பிறகு அவளைப் பார்த்தார். "தேதி, நேரம் எல்லாம் போடணுமில்ல?"

"ஆமா மாமா."

போட்டார். 4.51.

"முப்பத்தோரு வருஷத்துல இந்த ரெஜிஸ்டர்ல என் பேரு வர்றது இதுதாம்மா முதல் தடவை" என்றார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. இந்த மனுஷரை வெறுக்கவாவது முடிந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பக்கத்துக்கு மறுபடி நகல் எடுத்தாகிவிட்டது. அவள் விடுவிப்புப் படிவத்தை மெதுவாக அவர் முன்னால் வைத்தாள். பேனா அவர் கையிலேயேதான் இருந்தது. பேனா முனை கட்டத்தின் மேல் வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"அது நான் பண்ணின தப்பு. அதுக்குப் போட்டுட்டேன்" என்றார். "இது நீ போறதுக்கு. இதுக்குக் கை வரலைம்மா."

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

மணி 4.56. கூரியர்க்காரர் பசைக் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனாரின் கையெழுத்து அவளுக்கு மனப்பாடம். எத்தனை பில்லில், எத்தனை சரக்குச் சீட்டில் பார்த்திருக்கிறாள். மூன்று சுழி, ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவளுடைய கையெழுத்து இத்தனை வருடம் அவளில்லாமல் கடையை நடத்தியிருக்கிறது. அவருடைய கையெழுத்து ஒரே ஒரு நாள் அவரில்லாமல் இந்தக் கட்டத்தில் உட்கார்ந்தால் என்ன?

பேனாவை எடுத்தாள். மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு வழிவிடுகிறாரா, பார்க்கப் பிடிக்காமல் திரும்பினாரா, தெரியவில்லை.

அவள் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரே கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: 'கேட்டேன். கிடைக்கவில்லை.' கையெழுத்து. தேதி. 4.58.

"ஒட்டுங்கண்ணே" என்றாள்.

ரசீதை வாங்கி ரெஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே பூட்டிய ஷட்டர் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு ஓர் அம்மா. ஊன்றுகோலோடு ஒருவர். சீட்டை ஆட்டிக்கொண்டு இன்னும் இரண்டு பேர். அந்தக் குழந்தை அழுகிற சத்தம் ரோட்டின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். 'நாளைக்கு' ஓடி வந்து ரெஜிஸ்டரை வாங்கிக்கொண்டான். "என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

மாமனார் பூட்டைத் திறந்து ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். உள்ளே இருட்டு. வழக்கமாக முதலில் நுழைகிறவர் அவர்தான், ஆனால் அவர் நுழையவில்லை. ஷட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, அவளுக்காகக் காத்திருந்தார்.

"நீ உள்ளே போம்மா" என்றார். "நீ போனாத்தானே நான் திறக்க முடியும்."

குழந்தை வீறிட்டு அழுதது. அவள் குனிந்து உள்ளே போனாள்.